நாலு கெல்வின்

உம் அல் குவைன். ஆகஸ்ட். விடிகாலை நாலரை.
ஹீலியம் மட்டத்தைக் குறித்துவிட்டு
ஸ்கேன் அறைக் கதவைச் சாத்துகிறேன்.
அறுபத்தெட்டு சதவீதம். நேற்றும் அதேதான்.

இந்தக் காந்தத்துக்கு ஒரே ஒரு முறைதான்
மின்சாரம் ஊட்டினார்கள்,
நான் விசா அடித்து வந்த வருஷம்.
பிறகு இணைப்பைக் கழற்றிவிட்டார்கள்.
பதினொரு வருஷமாய்ச் சுற்றுகிறது,
யாரும் தள்ளாமல், எதிலும் முட்டாமல்.
'சம்பளம் கேட்காத ஒரே ஆள்' என்பான் ரொடேல்.

எல்லாம் குளிரின் வேலை.
எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாய்க் கூடி,
அத்தனை ஜோடியும் ஒரே தாளத்தில் விழுகின்றன.
எந்தத் தாளம் என்று விதி சொல்வதில்லை.
ஏதோ ஒன்று.
எல்லாருக்கும் அதுவே.

வெளியே வந்ததும் கண்ணாடியில் ஆவி படிகிறது.
துடைத்துப் போடுவதற்குள்
சினியா தீவிலிருந்து நீர்க்காகங்கள்.
முதலில் கறுப்புச் சிதறல், ஆளுக்கொரு திசை.
பக்கத்துச் சிறகைப் பார்த்து ஒன்று,
அதைப் பார்த்து இன்னொன்று,
ஒரு கணத்தில்
(அந்தக் கணத்தை நான் பிடித்ததே இல்லை)
வானம் மொத்தமும் ஒரு பக்கம் சாய்கிறது.

கிளாட்வின் தூத்துக்குடிக்காரன், கடல் தெரிந்தவன்.
'அதோ, முன்னால போறதுதான் தலைவன்' என்று விரல் நீட்டுவான்.
விரலை மடக்குவதற்குள் அது நடுவில் இருக்கும்.

இந்த முனையில் திரும்பிய செய்தி
தேயாமல் அந்த முனைக்கு ஓடுகிறது.
உறைகுளிர் ஹீலியத்துக்கும் இதே கணக்குதான்
என்று எங்கோ படித்தேன், பாதிதான் புரிந்தது.
புரிந்த பாதி இது:
பறவைகளுக்குக் குளிர் வேண்டாம்.
ஒவ்வொன்றும் நேற்றுத் தின்ற மீனை எரித்தபடி
இந்தப் புழுக்கத்திலும் ஒன்றாகின்றன.
நின்றால்தான் கலையும்.

கம்பெனி பஸ் வந்து நிற்கிறது.
நாற்பது நீலச் சட்டைகள்
கேட்டை நோக்கி நடக்கின்றன.
ஒருவன் குனிந்து ஷூ நாடாவைக் கட்டுகிறான்.
கூட்டம் அவனைச் சுற்றிப் பிரிந்து
மறுபக்கம் மூடிக்கொள்கிறது.
அவன் நிமிர்ந்து, கொஞ்சம் பார்த்து,
பஸ்ஸை நோக்கித் திரும்பி நடக்கிறான்.
யாரும் திரும்பவில்லை.

ஒருவன் போதாது.

காந்தத்தில் எவ்வளவு போதும் என்று எனக்குத் தெரியும்.
மூன்றாம் வருஷம், அஜ்மானில்,
கம்பியில் ஒரு மணல் அளவு இடம் சூடாகி
தடை என்றால் என்ன என்பது அதற்கு ஞாபகம் வந்தது.
பக்கத்து இடத்துக்குச் சொன்னது.
அது அதன் பக்கத்துக்கு.
ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை,
கூரைக் குழாய் வழியே
வெள்ளையாய் அலறியது ஹீலியம்.

நீலச் சட்டைகளுக்கும் ஒரு எண் இருக்கும்.
கேட் பக்கம் பார்த்துக்கொண்டே
கார் சாவியைத் தேடுகிறேன்.