பென்சில் கோடு

பாதை தொடங்கும் இடத்தில்
தகரப் பெட்டிக்குள் ஒரு பதிவேடு,
நூலில் கட்டிய பென்சில்.
பெயர், ஊர், தொலைபேசி,
எத்தனை பேர், திரும்பும் நாள்.

எனக்கு முன்னால்
டென்வரிலிருந்து நால்வரும் ஒரு நாயும்.
நாயின் பெயரையும் எழுதியிருந்தார்கள்: பிஸ்கட்.
நான் 1 என்று எழுதினேன்.
அது 7 போலத் தெரிந்தது.
அழுத்தி இன்னொரு முறை எழுதினேன்.

மில்வாக்கியில் என் வேலை
லிஃப்டுகளைச் சோதிப்பது.
கம்பிவடம், தடுப்பு, கதவிடுக்கு,
எட்டுப் பேர் அல்லது அறுநூறு கிலோ.
நாளெல்லாம் ஏறி இறங்குவேன்
நடந்ததாகச் சொல்ல முடியாது.

யூட்டாவின் இந்தப் பள்ளத்தாக்கில்
முதல் நாள் முழுக்க
கால்கள் என்னை நம்பவில்லை.
பாறையில் தளம் தளமாய் நிறம்,
செங்கல், கடுகு, ஆறிய சாம்பல்.
எந்தத் தளத்திலும் பொத்தான் இல்லை.

ஹாங்ஸ்வில் பெட்ரோல் பங்கில்
ஷாரிலின் கேட்டிருந்தாள்,
தண்ணீர் எவ்வளவு?
சொன்னேன்.
பதில் பேசாமல் இன்னொரு கேனை
மேசைமேல் நகர்த்தினாள்.
"காசு திரும்பும்போது கொடு."
அவள் கடனாகத் தந்தது தண்ணீரை அல்ல என்று
மூன்றாம் நாள்தான் உறைத்தது.

அன்று
வழிகாட்டும் கற்குவியல்கள் நின்றுபோயின.
வறண்ட ஓடையில் காலடித் தடம் கண்டு
யாரோ முன்னால் போகிறார்கள் என்று
ஆசையாய்ப் பின்தொடர்ந்தேன்.
நாற்பது நிமிடம்.
இடது குதிகால் தேய்ந்த ஆள்.
கொஞ்சம் அவசரக்காரர்.
அங்கங்கே நின்று திரும்பிப் பார்த்திருக்கிறார்.
உட்கார்ந்து ஷூவைக் கழற்றியபோது
என் இடது குதிகால்
தேய்ந்திருந்தது.

வாய்விட்டுச் சிரித்தேன்.
எதிர்ப்பாறை யோசித்து
மெதுவாய்த் திருப்பிக் கொடுத்தது.
கேனில் அப்போது கால் பங்கு இருந்தது.
ஷாரிலினுடைய கால் பங்கு.

இரவில் ஒரு பாலை எலி
முதுகுப்பையின் தோள்வாரைக் கடித்தது.
உள்ளே ரொட்டி இருந்தும்
அதற்கு வேண்டியிருந்தது என் வியர்வை உப்பு.
விரட்டவில்லை.
நான்கு நாளில் என்னிடம்
யாரும் கேட்ட ஒரே பொருள்.

திரும்பிய நாள் ஞாயிறு.
பங்கின் கடை பூட்டியிருந்தது.
கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு
விமானத்துக்கு நேரமாயிற்று என்று
வண்டியை எடுத்தேன்.

வீட்டில் இரண்டு நாள் சுரம்.
நடந்ததும் சுரம்தான்,
உடம்பு மெதுவாக இறங்கி வருகிறது போல.
துவைக்கும் இயந்திரத்தின் அடியில்
ஒரு கைப்பிடி சிவப்பு மண்.
கீழ்வீட்டு ஷிமான்ஸ்கி அம்மாள்
என் பெகோனியாவைத் தண்ணீர் ஊற்றியே கொன்றிருந்தாள்.
"தினமும் ரெண்டு வேளை விட்டேன்" என்றாள், பெருமையாக.
நன்றி சொன்னேன்.
வேறென்ன சொல்ல,
தண்ணீர் கொடுத்தவர்களிடம்?

வியாழன், ஆஸ்பத்திரிக் கட்டடம்.
பதினான்கு மாடிக் குழியின் அடியில் நின்று
அண்ணாந்தேன்.
இருபுறமும் சுவர்
உச்சியில் ஒரு கீற்று வெளிச்சம்.
சில நொடி
எந்த ஊர் என்று தெரியவில்லை.

அப்போதுதான் போன்.
"ரேஞ்சர் டெல்ஃபீன் நெஸ் பேசுகிறேன்.
உங்கள் கார் இங்கே இல்லை.
ஆனால் பதிவேட்டில் பெயரை அடிக்கவில்லை.
திரும்பிவிட்டீர்களா?"

எளிய கேள்வி.
ஆஸ்பத்திரி லிஃப்ட் ஆறாம் மாடியில்
யாருக்கோ கதவைத் திறந்து காத்திருந்தது.
ஓடையில் அந்த ஆள்
இன்னும் ஒரு சுற்று
தன் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கலாம்.

"வந்துவிட்டேன்" என்றேன்.
"அப்போ நான் அடித்துவிடவா?"

ஒரு நிமிடம், என்றேன்.
ஹாங்ஸ்வில் பக்கம் போவீர்களா?
பங்கில் ஷாரிலின் என்று ஒருத்தி.
இரண்டு டாலர் பாக்கி.

அவள் சிரித்தாள்.
"அவள் எல்லோரிடமும் அப்படித்தான்.
பாதிப் பேர் கொடுப்பதில்லை.
கொடுக்காதவர்கள்
மறுபடி வருவார்கள் என்பாள்."

பென்சில் உரசும் ஒலி கேட்டதா, தெரியாது.
மேலே கதவு மூடியது.
வடம் ஒருமுறை நடுங்கி
எடையை வாங்கிக்கொண்டது.