நூற்றுக்கு ஆறு

சிந்துபூந்துறையில் ஒரு வீடு இரண்டாய்ப் பிரிந்தது.
நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்.
மேற்கே சண்முகவடிவு, கிழக்கே தம்பி பிறவிப்பெருமாள்.
தம்பி விற்றுவிட்டுத் திருப்பூர் போனான்.
அந்தப் பாதி இப்போது ஸ்கேன் சென்டர்,
கண்ணாடிக் கதவு, செருப்பு வைக்க எண் போட்ட அலமாரி.

நான் வரி வசூலுக்குப் போகிறவன்.
கையில் ஒரு மெஷின்; அது துப்புகிற தாள்
ஒரு வாரத்தில் வெளுத்துவிடும்.
ஒரே சுவருக்கு இரண்டு ரசீது அடிக்கிறேன்:
கிழக்கே அரையாண்டுக்குப் பதினோராயிரத்துச் சொச்சம்,
மேற்கே எழுநூற்று நாற்பத்திரண்டு.
பழைய கணக்கு, ஓட்டு வீடு, சொந்தக் குடியிருப்பு;
அதன்மேல் வருஷத்துக்கு நூற்றுக்கு ஆறு,
அதைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரம்பு.

"நூத்துக்கு ஆறுதானக்கா" என்றேன் முதல் தடவை.
அவள் சுவரைக் காட்டினாள்.
நெஞ்சு உயரத்தில் பழுப்புக் கோடு,
அந்த மார்கழி வெள்ளம் நின்றுவிட்டுப் போன இடம்.
"எந்த ஆறச் சொல்லுதீக?
இந்த ஆறு வரம்பு பாத்தா ஏறுச்சு?"

கோடு அந்தப் பக்கமும் அதே உயரம்தான்.
அங்கே பெயிண்ட் அடித்துவிட்டார்கள்.

தரகன் ஒருவன் மாதம் ஒருமுறை வருவான்.
வாசலில் நின்று, வானத்தைப் பார்த்தபடி விலை சொல்வான்:
போன சித்திரைக்கு நாற்பது,
இந்தச் சித்திரைக்கு அறுபத்தைந்து.
சோறு வடித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள்.
"லட்சம் லட்சமா ஏறுதாம்லா,
எங்கன இருக்குன்னுதான் தெரியல.
பெட்டியத் தொறந்தா பழைய சீலைதான் கெடக்கு."
ஜெராக்ஸ் கடையில் சம்பளம் ஒன்பதாயிரம்.
வரம்பு மட்டும் இல்லாவிட்டால்
அந்த அறுபத்தைந்து லட்சம்
அவள் வீட்டிலேயே அவளை வாடகைக்கு வைத்திருக்கும்.

நல்லதுதான். ஆனால் ஓடு ஒழுகுகிறது.
மாற்றமாட்டாள்.
ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டால்
நான் டேப்போடு வரவேண்டும்,
புது அளவு, புது மதிப்பு,
பழைய கணக்கு அன்றோடு செத்துவிடும்.
ஐப்பசி பிறந்தால் ஏழு பாத்திரம் தரையில்.
எந்த ஒழுகலுக்கு எந்தப் பாத்திரம்
என்பது மகளுக்கு மனப்பாடம்.

கிழக்கு வாசலில் டாக்டர் மெர்லின் என்னை நிறுத்தினார்.
"அதே தெரு, அதே சாக்கடை, அதே தெருவிளக்கு.
அவங்க குடுக்காதது எங்க தலையிலயா?"
கேள்வியில் பிழை இல்லை.
குப்பை வண்டி இரண்டு வாசலிலும்
ஒரே விசில்தான் ஊதுகிறது.
"மனு குடுங்க மேடம்" என்றேன்.
எனக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

நான் குடியிருப்பது பேட்டையில், வாடகைக்கு.
வீட்டுக்காரர் தன் வரி ஏறிய மாதம்
என் வாடகையில் ஐந்நூறு ஏற்றினார்.
வரி எழுபது ரூபாய்கூட ஏறவில்லை.
ரசீது அடித்தவன் நானே.

போன வாரம் சண்முகவடிவு கூப்பிட்டாள்.
"டேப்பு இருக்கா?"
மகளுக்கு நர்சிங் சீட்டு. பாங்கில் கடன்.
கணக்கில் இல்லாத இடத்துக்குப்
பணம் இல்லை என்றானாம் மேனேஜர்.
"பொறவாசல்ல ஒரு ரூமு.
நாலு வருசமாப் பாக்காத மாதிரியே போனீகள்லா,
இன்னைக்குப் பாருங்க."

நீலத் தார்ப்பாயை அவளே விலக்கினாள்.
பூசாத ஹாலோபிளாக் சுவர், கொடியில் யூனிபார்ம்,
ஒரு ஜன்னல், அதற்குக் கதவில்லை.
இனி இந்த வீட்டுக்கு ஆறு கிடையாது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
"தெரியும், அளங்க" என்றாள்.

டேப்பின் மறுமுனையை
மகள் பிடித்துக்கொண்டு போய்
வெள்ளக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வைத்தாள்.
எட்டு இருக்கும், எட்டே கால் இருக்கும்.
"சார்," என்றாள்,
"இழுத்துப் பிடிக்கவா, தளத்தி விடவா?"