இரவில் வாசலில் பைகளை வைக்காதீர்கள்

நாளை பத்தே காலுக்கு நேர்காணல்.
கீழ்வீட்டு மொய்ரா என் அடுப்படியில்
மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு
தன்னை மூன்று பேர் கொண்ட குழுவாக அறிவிக்கிறாள்.
ஒரு கையில் கேள்வித்தாள், மறு கையில் தோசைத்திருப்பி.
உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஐம்பத்திரண்டு வயது. பிளீட்வுட்.
பத்தொன்பது வருடம் ஒரே பெரிய கடை, திரைச்சீலைப் பிரிவு,
பிற்பாடு அந்தப் பிரிவுக்கே பொறுப்பு.
கடையை மூடிய நாளில்
வாங்க ஆளில்லாத ஒரு துணியை
ஏழடி அளந்து நேராக வெட்டி மடித்து வைத்தேன்.
"அதைச் சொல்லாதே," என்கிறது குழு.
"அழுமூஞ்சி என்று நினைத்துவிடுவார்கள்."

சரி. பாடம் பண்ணித்தான் வைத்திருக்கிறேன்.
பழந்துணிக்காரன் கிலோவுக்கு எத்தனை பென்னி தருவான்,
குழந்தைகளின் கார் இருக்கையை ஏன் வாங்கக் கூடாது,
வரிப் படிவத்தில் விழும் ஒரு கையெழுத்து
ஒரு பவுண்டை எப்படி ஒன்றேகால் ஆக்கும்.
நீராவிக்குக் கசங்கல் போகும், வியர்வை வாடை போகாது.
தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்;
இங்கே சம்பளமே
பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான்.
இதை நாளை சொன்னால் சிரிப்பார்களா?
மொய்ரா சிரிக்கவில்லை. அவள் இப்போது குழு.

சம்பளமில்லாத பதினேழு பேரிடம் எப்படி வேலை வாங்குவீர்கள்?
தேநீர் போட்டுக் கொடுப்பேன்.
"கொஞ்சம் நீட்டிச் சொல்."
தேநீர் போட்டுக் கொடுத்து,
யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்று தெரிந்துகொள்வேன்.

கடை அடைத்த பிறகு வாசலில் மூட்டைகளை விட்டுப்போகிறவர்களை
எப்படிச் சமாளிப்பீர்கள்?

இதற்கு என்னிடம் முழுத் திட்டமே இருக்கிறது.
பெரிய எழுத்தில் பலகை. நகராட்சிக்குக் கடிதம். கேமரா.
வாயைத் திறந்தேன்.
சட்டியில் மீன் பொரிந்துகொண்டிருந்தது.

அந்தக் கேமரா நான்கு வருடம் முன்பே இருந்திருந்தால்
அதில் நான் இருப்பேன்.
மார்ச் மாதம், ஞாயிறு, கடைசி டிராமும் போனபின்
தம்பி கிளைவின் டார்ட்ஸ் கோப்பைகள், பதினான்கு, இரண்டு பைகளில்.
பெயர் பொறித்த கோப்பையை யார் வாங்குவார்கள்?
யாரும் வாங்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் இரவில் போனேன்.
பகலில் என்றால் கல்லாவில் ஒருத்தி
"மன்னிச்சுக்கோ கண்ணு, இதெல்லாம் எடுக்க மாட்டோம்" என்பாள்.
நான் அவனை மறுபடி வீட்டுக்குத் தூக்கி வர வேண்டும்.
பலகையை வாசித்தேன். வாசித்துவிட்டே வைத்தேன்.
கடற்காகம் கிழிக்காதிருக்க
பையின் வாயில் இரண்டு முடிச்சுப் போட்டேன்.
என் யோக்கியதை அவ்வளவுதான்.

போன செவ்வாய் வேவு பார்க்கப் போனேன்.
நாளைக்கென்று ஒரு கருநீல மேல்கோட்டும் எடுத்தேன், ஆறு பவுண்டு.
கல்லாவில் ஐவி என்ற பெயர்ச்சீட்டு குத்திய பெண்
கணக்கெழுதப் பேனாவை உருவினாள்
ஒரு கோப்பையிலிருந்து.
இரட்டையர், 1998, இரண்டாம் இடம், சி. ரிம்மர்.
அது என்ன விலை என்று கேட்டேன்.
"அதுவா, அது கல்லாவோடது.
வேறு எதில் போட்டாலும் பேனா சாய்கிறது."
சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இதையெல்லாம் குழுவிடம் சொல்லி முடித்தபோது
மீன் ஒரு பக்கம் கருகியிருந்தது.
மொய்ரா கண்ணாடியைக் கழற்றினாள்.
"தொண்ணூற்றெட்டு இரட்டையரா?
கடைசி அம்பு நான் எறிந்தது," என்றாள்.
"கால் அங்குலம் தள்ளிப் போச்சு.
உன் தம்பி டிராமில் வீடு வரும்வரை பேசவே இல்லை."

அடுப்பை அணைத்தோம்.
கேமராவை அடித்துவிட்டு அந்த இடத்தில் எழுதினேன்:
கடற்காகங்கள் ஏழு மணிக்கு வரும்.
நான் ஆறே முக்காலுக்கு வந்து உள்ளே எடுத்துவைப்பேன்.

மொய்ரா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு படித்தாள்.
"வேலை நேரம் ஒன்பதிலிருந்துதான் போட்டிருக்கிறது," என்றாள்.
"அதை முதலில் கேள்.
அப்புறம், அந்தக் கோட்டுக் கையில்
விலைச்சீட்டு தொங்குகிறது பார்."