இரண்டு ஞாயிறுகள்

அனுப்பர்பாளையம் தாண்டி, தகரக் கொட்டகைக்குள்
பத்து வருசமாய் நான் செக்கிங்.
ட்யூப் லைட்டுக்கு அடியில் பனியனை விரித்து
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்ட தையல்
கண்டால் சிவப்பு ஸ்டிக்கர்.
ஒட்டுவேன், வீசுவேன். அவ்வளவுதான் வேலை.

போன ஐப்பசியில்
சாயப்பட்டறைக்குப் பின்னால் தேங்கின தண்ணீரில்
எந்தக் கொசு என்று யார் கண்டது.
நாலு நாள் சிக்குன்குனியா.
லைன் முழுக்கப் படுத்தோம், லைன் முழுக்க எழுந்தோம்.
சரசாளுக்கு ஒரு மாசத்தில் விட்டது.
என் விரல்களை விடவில்லை.

காலையில் சீப்பைப் பிடிக்க அரைமணி நேரம்.
குடத்தை முழங்கையில் அணைத்துத் தூக்கினேன்.
லீவுக்கு நடிக்கறா என்று
கட்டிங் டேபிளில் ஒரு பேச்சு.

கோயமுத்தூர் டாக்டரம்மா ரிப்போர்ட்டை மடித்தார்.
"கிருமி எப்பவோ போயிருச்சு துளசிமணி.
அதைப் புடிக்கப் போனவங்கதான் இன்னும் வீடு திரும்பலை."
கொசு தொடங்கினதா, முன்பே உள்ளே கிடந்ததா?
தெரியாது என்றார்.
தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர்.
நம்பினேன்.

எனக்குத் தெரிந்த மாதிரிதான் புரிந்தது:
கப்பல் தேதி நெருங்கின ராத்திரி
கண் எரிய எரிய
நல்ல பீஸிலும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்,
ஒன்றல்ல, ஒரு கட்டு.
விடிந்ததும் சூப்பர்வைசர் கத்தினான்.
உள்ளே கத்த ஆளில்லை.
மூட்டு மூட்டாய் ரிஜக்ட் ஆகிறேன்.

ஞாயிறுதோறும் மஞ்சள் மாத்திரை.
செக்கர்களைக் கண்ணசர வைக்கும்.
விரல் மடங்குகிறது. சம்பளம் வருகிறது.

இப்போது ஃப்ளூ ஊசி போடணுமாம்.
செத்த கிருமி, சாம்பிள் பீஸ் மாதிரி:
இதைக் கண்டால் விடாதே.
தூங்குகிறவர்களிடம் சாம்பிளைக் காட்டி என்ன பயன்?
அதனால் ஊசிக்குப் பிறகு
ரெண்டு ஞாயிறு மாத்திரை கிடையாது.
"வலிக்குமுங்களா?"
"வலிக்கலாம்."

முதல் ஞாயிறு ஒன்றுமில்லை. துணி துவைத்தேன்.
இரண்டாம் ஞாயிறு கட்டைவிரல் வீங்கியது.
மாத்திரை டப்பாவை அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டு
புறங்கையை லைட்டுக்கு அடியில் விரித்துப் பார்த்தேன்,
பனியனைப் பார்ப்பது போல.
ஓட்டையில்லை, கறையில்லை.

உள்ளே யாரோ விழித்துக்கொண்டு
சாம்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.
பாருங்க, நல்லாப் பாருங்க.
அது கிருமி.
இது நானுங்.