அறையின் சத்தம்

யுகேந்திரன் அழச் சொல்லவில்லை.
"அப்பா கடைசியா என்ன சொன்னாருக்கா?" என்று கேட்டுவிட்டு
கேமராவை ஓர் அடி முன்னால் தள்ளினான்,
அவ்வளவுதான்.

அப்பா கடைசியாகச் சொன்னது
"கேஸ் முடிஞ்சிருச்சு, கடைக்காரனுக்குப் போன் போடு."
அதையே சொன்னேன்.
தம்பி முகம் வாடிவிட்டது.
பாவமாக இருந்தது. மைலோ கலக்கிக் கொடுத்தேன்.

பதினொரு நிமிடப் படம்.
திருநங்கையின் ஒரு சாதாரண நாள் என்று
தாளில் எழுதி வைத்திருந்தார்கள்.
சாதாரண நாளுக்கு
மூன்று விளக்கு, ஒரு தண்டவாளம்,
சௌக்கிட்டில் வாடகைக்கு எடுத்த ஆளுயரக் கண்ணாடி.
செந்தூல் அடுக்குமாடியில் லிஃப்ட் பன்னிரண்டோடு நின்றுவிடும்.
என் வீடு பதினான்கு.
கண்ணாடியின் ஒரு பக்கத்தை நான்தான் பிடித்தேன்.

படியேறும்போது அதில்
சுவர், செருப்புகள், மிஸ்டர் லியோங்கின் சைக்கிள்,
மூச்சு வாங்கும் நான்,
எல்லாம் சாய்ந்து சாய்ந்து போயின.
அதை எடுத்திருக்கலாம்.
கேமரா பைக்குள் இருந்தது.

எங்களைப் பற்றிய படமென்றால்
கண்ணாடிமுன் உட்கார வேண்டும்.
மெதுவாக உதட்டுச் சாயம்.
மெதுவாகப் பொட்டு.
"இன்னும் மெதுவா, அக்கா."
ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு ஓடுகிறவள்
எந்த ஊரில் மெதுவாகப் பொட்டு வைக்கிறாள்?
லிஃப்ட்டுக்குள், போனில் முகம் பார்த்து ஒட்டுகிறவள் நான்.

என் வேலையை எடு என்றேன்.
ஜாலான் ஈப்போவில் இருபத்துநாலு மணிநேர டோபி.
நோட்டைச் சில்லறையாக்கித் தருவேன்,
சிக்கிய கதவைத் தட்டித் திறப்பேன்,
ஜோடி தொலைத்த காலுறைகளை
ஒரு வாளியில் போட்டு வைப்பேன்.
பங்களாதேஷ் பையன் ஒருவன் வாராவாரம் வந்து
துழாவிப் பார்ப்பான்.
ஒருநாள் கிடைத்தது. பச்சைக் கோடு போட்டது.
இருவரும் கத்தினோம்.
"அழகா இருக்குக்கா. ஆனா இதுல
உங்க கதை எங்க இருக்கு?" என்றான் யுகேந்திரன்.

கடைசி நாள். எல்லாம் மூட்டை கட்டியாயிற்று.
ஒலிப்பதிவு செய்கிற ஹர்ஷினி,
மூன்று நாளில் பத்து வார்த்தை பேசாதவள்,
"ஒரு நிமிஷம். யாரும் அசையக் கூடாது.
அறையோட சத்தம் வேணும்" என்றாள்.

அவரவர் இருந்த இடத்தில் நின்றோம்.
யுகேந்திரன் கையில் பாதி சுருட்டிய வயர்.
என் கையில் கழுவாத குவளை.

ஃபிரிட்ஜ் முனகியது.
குழாய்ச் சொட்டு, நான்கு எண்ணினால் ஒன்று.
கீழே எல்ஆர்டி வளைவில் திரும்பும் கீச்சு.
பக்கத்து வீட்டில் கக் ரோஸ் சம்பல் இடிக்கிறாள்.
நானும் அதில் இருந்தேன்,
மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு.
நான் நீலவேணி ஆனதிலிருந்து
விவரம் கேட்க வந்த யாரும்
ஒரு முழு நிமிடம்
ஒன்றும் கேட்காமல் என் எதிரில் நின்றதில்லை.

"போதும்" என்றாள் ஹர்ஷினி.
எனக்குப் போதவில்லை.

பிரிக்பீல்ட்ஸில்
சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் திரையிட்டார்கள்.
பிளாஸ்டிக் நாற்காலிகள், தாளிப்பு வாசனை.
மிஸ்டர் லியோங்கையும் கூட்டிப் போனேன்.
கண்ணாடி வந்தது. பொட்டு வந்தது, மெதுவாக.
பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
என் பேச்சுக்கு அடியில்,
வெட்டி ஒட்டிய இடைவெளிகளை அடைத்துக்கொண்டு
என் ஃபிரிட்ஜ்.
நான்கு எண்ணினேன்.
சொட்டு.

கேள்வி நேரம்.
"முதல்ல எப்போ உணர்ந்தீங்க?"
மைக் என் கைக்கு வருவதற்குள்
மிஸ்டர் லியோங் எழுந்துவிட்டார்.
லிஃப்ட்டை ஏன் காட்டவில்லை, என்றார் மலாயில்.
ஏழு மாதம். இவளும் நானும்
தினம் ஏறுகிறோம்.

கண்ணாடியை எடுத்துப்போக யாரும் வரவில்லை.
அதன்மேல் இப்போது துண்டு காய்கிறது.
குழாய்க்கு வாஷர் வாங்கி
மேசைமேல் வைத்திருக்கிறேன்.
இன்னும் மாட்டவில்லை.