பதினேழாவது ஃபிளாப்பி

லியபாயா துறைமுகத்தில்
மூடிப்போன மீன் டப்பா ஆலையின்
எடைபோடும் அறையிலிருந்து
பன்னிரண்டு யூரோவுக்கு வாங்கிவந்தேன்.
சுவிட்சைப் போட்டதும் விசிறி சுற்றியது.
சமையலறை முழுக்கப்
புகையில் வாட்டிய மீன் வாசனை.
பூனை வந்து உட்கார்ந்துகொண்டது,
திரைக்கு அல்ல, விசிறிக்கு எதிரே.

பாட்டரி செத்திருந்தது.
இன்று என்ன தேதி என்று கேட்டது.
சொன்னேன். நம்பவில்லை.
இரண்டாயிரத்துக்கு அப்பால்
ஆண்டு என்று ஒன்று வரும் என
யாரும் அதற்குச் சொல்லிவைக்கவில்லை.
விரல்விட்டு எண்ணி
இருபத்தெட்டு ஆண்டு பின்னால் போனேன்:
தொண்ணூற்றைந்து.
அந்த ஆண்டும் இந்த ஆண்டும்
கிழமைக்குக் கிழமை ஒன்றுதான்.
பொய்தான்,
ஆனால் வியாழன் வியாழனாகவே இருக்கிற பொய்.

மொத்தம் இருபத்திரண்டு ஃபிளாப்பிகள்.
ஒன்றை விழுங்கும், முனகும்,
அடுத்ததைக் கொடு என்று காத்திருக்கும்.
பதினாறு வரை சமர்த்தாகத் தின்றது.
பதினேழில்
கடக். கடக். கடக்.
படிக்க முடியவில்லை என்று சொல்லி
மூன்று விசைகளைக் காட்டியது:
நிறுத்து, மறுபடி முயல், விட்டுவிடு.
மறுபடி முயன்றேன்.
மறுபடி.
பூனைகூட எழுந்து போயிற்று.

வெண்ட்ஸ்பில்ஸில் குண்டார்ஸ் என்றொரு பல் மருத்துவர்.
எக்ஸ்ரே கருவியை ஓட்டிய கணினி
போய்ச்சேர்ந்த பிறகும்
அதன் ஃபிளாப்பிகளை வைத்திருந்தார்,
பல் அச்சுகள் அடுக்கிய அலமாரியில்
ஒரு பிஸ்கட் டின்னுக்குள்.
அணைத்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும்.
எனவே கணினியை விழித்திருக்க விட்டுவிட்டு
மழையில் மூன்று மணி நேரம் பேருந்தில் போனேன்.
பணம் வேண்டாம் என்றார்.
வாயைத் திற என்றார், பழக்கதோஷம்.
கீழ்வரிசையில் ஒன்று ஆடுகிறது விஸ்மா,
ஃபிளாப்பியைத் திருப்பித் தரும்போது
பிடுங்கிவிடலாம்.

லேபிளில் மூன்று கையெழுத்து.
முதலில் வெறும் பதினேழு.
அதை அடித்துவிட்டு, வெல்டாவின் கணக்கு.
அதையும் அடித்துவிட்டு, சிவப்பு மையில்,
பதினேழு, தயவுசெய்து அழிக்காதீர்கள்.
அந்தக் காலத்தில் இதை
விலைகொடுத்து வாங்கிய ஒருவரையும்
எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை.
நகலின் நகலுக்கு நகல்.
வெல்டா யாரென்று குண்டார்ஸுக்கும் தெரியாது.

இரவு பதினொன்றுக்கு உள்ளே தள்ளினேன்.
கடக் இல்லை.
கோப்புப் பெயர்கள் திரையில் வரிசையாக ஓடின.
படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது.
அத்தனையும் பிரிண்டர்கள்.
இருநூறு வகைப் பிரிண்டர்களோடு
பேசத் தெரிந்த ஃபிளாப்பி.
என்னிடம் ஒன்றுகூடக் கிடையாது.
பழுப்பேறிய அந்த ஆலைப் பெட்டிக்கும்
காகிதம் என்றால் ஈரமான எடைச்சீட்டு மட்டும்தான்.
முதல் இரவே
மூன்றாவது விசையை அழுத்தியிருக்கலாம்.

எல்லாம் முடிந்ததும் பெயர் கேட்டது. கொடுத்தேன்.
நிறுவனம் கேட்டது.
காலியாக விட்டால் நகர மறுத்தது.
வெல்டா என்று அடித்தேன்.
நல்வரவு என்றது, இருவருக்கும் பொதுவாக.

மூலையில் கடிகாரம் ஓடத் தொடங்கியது:
தொண்ணூற்றைந்து, நவம்பர், வியாழன்.
நாக்கு தானாகப் போய் அந்தப் பல்லைத் தொட்டது.
இந்தத் தேதியில்
அது கல்போல இருந்திருக்கும்.

காலை எட்டு மணிக்குப் பேருந்து.
ஃபிளாப்பியைக் கைக்குட்டையில் சுற்றிக்
கோட்டுப் பையில் வைத்தேன்.