இரண்டு கதவும் திறந்திருந்தால்

ஹேசல் கொட்டை விற்ற பணம்.
பொறுக்கியவள் நான், காயவைத்தவள் நான்,
மழை வந்தபோது ஓடிப்போய்த் தார்ப்பாய் போட்டவளும் நான்.
ஆகவே எந்த மடிக்கணினி என்பதும்
நான் சொல்வதுதான் என்றேன்.
முர்மான் சரி என்கவில்லை, மறுக்கவும் இல்லை.
வண்டியைக் கிளப்பினார்.

ஸுக்திதியில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில்
வாய்பிளந்து வரிசையாய்க் கிடந்தன
பதினோரு கணினிகள்.
கடைப்பையன் எட்டு ஜிபி என்றான், பதினாறு என்றான்.
முர்மான் ஒவ்வொன்றின் முதுகிலும்
விரல் மடக்கித் தட்டினார்,
தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி.
"இது வெத்து. இது பரவாயில்லை."
பையன் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

அவர் மனம் போனது அகலமான கறுப்பின் மேல்.
பார்த்தாலே தெரியும்,
மேசையைவிட்டு நகராத ஜாதி.
நான் ஒவ்வொன்றாய் ஒற்றைக் கையால் தூக்கினேன்.
ஏழாவது எங்கள் பூனையைவிட லேசு.
பேட்டரி பத்து மணி நேரம் தாங்கும்.
பதூமியில் ஓர் ஓட்டல்காரர்
கணக்கெழுத ஆள் தேடுகிறார்;
வீட்டிலிருந்தும் எழுதலாம்,
அங்கேயே வந்தும் இருக்கலாம் என்றிருந்தார்.
இந்த இரண்டாவது பாதியை
நான் வீட்டில் சொல்லவில்லை.
"திரை சிறிசு" என்றார் முர்மான்.
"என் கண்ணுக்குப் போதும்."

செவ்வாய்க்கிழமை ஜாபா வந்தான்,
நாலு கொம்பு முளைத்த வெள்ளைப் பெட்டியோடு.
சமையலறையில் வைத்தான்: நாலு கோடு.
என் அறையில் ஒன்றுமில்லை.
முர்மான் அறையில் ஒரு கோடு வந்து,
யோசித்து, போய்விட்டது.
ஜாபா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.
"யார் கட்டினது?"
"நான்தான். எங்குரி ஆற்றுக் கல்.
ஒவ்வொன்றும் இந்தத் தோளில் வந்தது.
நிலம் ஆடியபோதுகூட ஒரு விரிசல் இல்லை."
"நல்ல சுவர்தான்" என்றான் ஜாபா,
துக்கம் விசாரிக்கிற குரலில்.

பிறகு பெட்டி வீடு முழுக்க அலைந்தது.
குளிர்பெட்டி மேல்,
பிளம் சாறு ஜாடிகளுக்கு நடுவே,
ஒருமுறை குளியலறை ஜன்னலில்.
கடைசியில் நடைவழி.
மேல்சட்டை மாட்டுகிற கொக்கிக்குப் பக்கத்தில்,
என் கதவுக்கும் அவர் கதவுக்கும் சரிபாதியில்.
"இரண்டு கதவும் திறந்திருந்தா மூணு கோடு.
சாத்தினா நான் பொறுப்பில்லை."

ஜாபாவுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்.
நாங்கள் இருவரும் ஏன் தரையைப் பார்த்தோம் என்று
அவனுக்குத் தெரியாது.
அந்தக் கதவுகள் சாத்தி
இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது.

கடவுச்சொல் கேட்டான். எட்டு எழுத்தாவது வேண்டுமாம்.
பேச்சில்லை.
அப்புறம் முர்மான் சொன்னார்: "தோலியா."
எங்கள் நாய். செத்துப்போன நாய்.
"போதாது, எண் ஏதாவது சேருங்க."
"ரெண்டாயிரத்துப் பதினேழு" என்றார்.
"பதினெட்டு" என்றேன்.
"பதினேழு. பனி கொட்டிய வருஷம்."
"பதினெட்டு. குழி தோண்டினது நான்."
ஜாபா என் வருஷத்தைப் போட்டுவிட்டு
தேநீர்கூடக் குடிக்காமல் போனான்.

இப்போது இரவில் நான் ஓட்டல் கணக்கு எழுதுகிறேன்.
துவாலை, சோப்பு, உடைந்த கோப்பைகள்.
எதிர் அறையில் முர்மான் கைபேசியில்
எவனோ அர்ஜென்டினாக்காரனோடு சதுரங்கம் ஆடுகிறார்.
தோற்றால் மூக்கால் மூச்சு விடுவார்.
அது எனக்கு மறந்திருந்தது.

பதூமிக்கு இன்னும் பதில் எழுதவில்லை.
எழுதக்கூடும். கணினி லேசுதான்.

ஒருமுறை கொடுத்த கடவுச்சொல்லைக்
கைபேசி மறக்கவே மறக்காது,
திரும்பக் கேட்காது என்று
ஜாபா அவரிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தான்.
ஆனாலும் பதினொரு மணி வாக்கில்
நடைவழியைத் தாண்டி ஒரு குரல் வருகிறது:
"எந்த வருஷம்?"
"பதினெட்டு" என்கிறேன், தலை நிமிராமல்.
"பதினேழு" என்கிறது இருட்டு.